முதுகில் இருந்த பெயர்கள்

வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தைத் தேடப்போன இடத்தில், கட்டிலுக்கடியில் கிடந்த சூட்கேசிலிருந்து நான்காக மடித்த ஒரு நிதி சேர்ப்புப் படிவம் வெளியே வந்தது. மடிப்புகள் பழுத்துக் கிழியத் தொடங்கியிருந்தன. மேல் மூலையில் திருநீறு பட்ட விரலடையாளம். நடுவில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம். பெயர், விலாசம், தொகை, வருமானவரி கட்டுபவரா என்று கேட்கும் சின்னக் கட்டம். அந்தக் கட்டத்தில் சரி அடையாளம் போட்டால், கொடுத்த காசுக்கு மேல் அரசாங்கமும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கும்.

இப்போது யாரும் படிவம் நீட்டுவதில்லை. தொலைபேசியில் ஒரு தகவல் வரும். விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் காசு போய்விடும். வசதிதான், குறை சொல்லவில்லை. நான் காசு சேர்த்த காலத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதிரை, ஒரு தேத்தண்ணி, "என்ன வருத்தத்துக்குத் தம்பி?" என்ற ஒரு கேள்வி இருந்தது. ஓடப் பழகியதைவிட அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லப் பழகியதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

என் தம்பிக்கு அப்போது இருபத்தாறு வயது. சனிக்கிழமை கிரிக்கெட், மற்ற நாட்களில் கணக்காளர் அலுவலகம். குளிக்கும்போது இடது விதையில் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டிருக்கிறது. நோவு இல்லை. பந்து பட்டிருக்கும் என்று விட்டுவிட்டான். பனிக்காலம் போய் மரங்கள் துளிர்த்த பிறகும் யாருக்கும் சொல்லவில்லை. பிறகு முதுகு நோகத் தொடங்கியது. அம்மா சித்தாலேப பூசிவிட்டார், நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினார். முதுகு நோவுக்கும் விதைக்கும் தொடர்பு இருக்குமென்று எங்களில் யாருக்குத் தெரியும்? பின்னாளில் ஒரு தாதி கடித உறையின் பின்பக்கத்தில் படம் கீறி விளக்கினார். கருவில் விதைகள் உருவாவது சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில்தான். பிறகே கீழே இறங்குகின்றன. அதனால் அங்கே பிடிக்கிற புற்று, வந்த வழியே திரும்பி ஏறி, முதுகெலும்புக்கு முன்னால் இருக்கும் நிணநீர்க் கணுக்களில் முதலில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

என்னிடம் அவன் சொன்னது காருக்குள். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முகத்துக்கு முகம் இருந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டான்.

"அண்ணை, ஒண்டு சொல்லோணும். அம்மாக்குச் சொல்லாதை."

அதன்பின் எல்லாம் விரைவாக நடந்தது. ஸ்கான், இரத்தப் பரிசோதனை, அடிவயிற்றின் ஓரத்தில் ஒரு வெட்டு. விதையை எடுப்பது அந்த வழியாகத்தான். கீமோ தொடங்குமுன் விந்தணுவைச் சேமித்து வைக்கச் சொன்னார்கள். அந்தச் செய்தியும் காருக்குள்ளேயே எனக்குச் சொல்லப்பட்டது. அம்மாவிடம் நாங்கள் சொன்னது, "வயித்துக்குள்ளை ஒரு சின்னக் கட்டி, எடுத்தாச்சு" என்பதுதான். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அம்மா கேட்காமல் இருந்தது எங்களுக்கு வசதியாக இருந்தது. அவருக்கு அது எவ்வளவு பாரமாக இருந்திருக்குமென்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

தென் லண்டனில், சட்டனில் உள்ள ரோயல் மார்ஸ்டன் ஆஸ்பத்திரியில் மூன்று மருந்துகள் சேர்ந்த கீமோ. மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று. அதில் ஒன்று சிஸ்பிளாட்டின். அது சிறுநீரகத்தைக் கெடுக்காமல் இருக்க, முன்னும் பின்னும் மணிக்கணக்காக உப்புநீர் ஏற்றுவார்கள். அவனுக்கு மீன்குழம்பு மணம் பிடிக்காமல் போனது. வீட்டில் தாளிப்பதையே அம்மா நிறுத்திவிட்டார். ஐஸ் பழமும் கஞ்சியும்தான் சாப்பாடு. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, எண்கள் தெரியும். ஒவ்வொரு இரத்தப் பரிசோதனைக்குப் பிறகும் புற்றைக் காட்டிக்கொடுக்கும் ஏஎப்பி என்ற அளவு எவ்வளவென்று கேட்டு, சுவரில் தொங்கிய தமிழ் நாட்காட்டித் தாளில், இராகு காலத்துக்குக் கீழே, பென்சிலால் எழுதி வைப்பார். ஆயிரங்களில் இருந்தது நூறுகளுக்கு வந்து, பிறகு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிய நாளில் அந்தத் தாளைக் கிழித்துச் சுவாமி படத்தின் பின்னால் செருகினார்.

ஒருநாள் அம்மா சிஸ்பிளாட்டினைப் பற்றிக் கேட்டார், "இது நகை செய்யிற பிளாட்டினமோ?" ஓம் அம்மா, அதேதான். 1965இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பேர்க் என்ற விஞ்ஞானி, மின்புலத்தில் பக்டீரியா எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க, பிளாட்டினக் கம்பிகளை இறக்கினார். பக்டீரியாக்கள் பிரிந்து பெருகாமல் நூல்போல நீண்டுகொண்டே போயின. மின்சாரம் செய்த வேலை என்று நினைத்தது, கம்பியிலிருந்து கரைந்த பிளாட்டினம் செய்த வேலையாக இருந்தது. பிரிந்து பெருகுவதைத் தடுக்குமென்றால் புற்றையும் தடுக்காதா என்ற கேள்வியில் பிறந்த மருந்து இது. 1974இல் இண்டியானாவில் லோறன்ஸ் ஐன்ஹோர்ன் என்ற இளம் மருத்துவர் அதை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்து, ஜோன் கிளீலண்ட் என்ற மாணவனுக்குக் கொடுத்தார். நுரையீரல் முழுக்கப் புற்று பரவி, எல்லா மருந்தும் தோற்றுப்போயிருந்த பையன். சில வாரங்களில் எக்ஸ்ரே படம் தெளிந்தது. அதற்குமுன் பரவிய நிலையில் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. இன்றைக்கு இந்த நோய் வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறார்கள். நான் இதையெல்லாம் ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து வாசித்தேன். வாசித்த ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பியை நினைத்துக் கும்பிட்டேன்.

அதே காத்திருப்பு அறையில்தான் பாப் சாம்பியனைப் பற்றியும் கேள்விப்பட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்கார முதியவர் குதிரைப் பந்தயப் பிரியர். சாம்பியன் ஒரு குதிரையோட்டி. 1979இல் அவருக்கு இதே புற்று. மார்ஸ்டனில் சிகிச்சை. அவர் ஓட்டவிருந்த அல்டனிட்டி என்ற குதிரைக்கும் கால் பழுதாகி, இனி ஓடாது என்றார்கள். இருவரும் எழும்பி வந்து 1981 ஏப்ரல் 4ஆம் திகதி கிராண்ட் நஷனல் பந்தயத்தை வென்றார்கள். அதன் பிறகு சாம்பியன் பெயரில் ஓர் அறக்கட்டளை எழுந்தது. குதிரையும் சும்மா இருக்கவில்லை. 1987இல் பக்கிங்ஹாம் அரண்மனையிலிருந்து லிவர்பூலில் உள்ள அந்தப் பந்தயத் திடல்வரை, பலர் மாறி மாறி ஏறி வர, அல்டனிட்டி நடந்தே போய் நிதி சேர்த்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது உடனே விளங்கியது.

1981 என்றால் எங்கள் வீட்டில் ஒரே ஞாபகம்தான். ஜூன் முதல் நாட்களில் யாழ்ப்பாண நூலகம் எரிந்து கிடந்தது. அதே வருடம் மார்ச்சில் முதலாவது லண்டன் மரதனும், ஏப்ரலில் சாம்பியனின் வெற்றியும், ஜூன் முடிவில் நியூகாசிலில் முதலாவது கிரேட் நோர்த் ஓட்டமும் நடந்திருக்கின்றன. அந்த ஆண்டுக்குள் இவையும் இருந்தன என்று தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு காலமும் தம்பியின் நோயும் தேவைப்பட்டன.

கடைசிச் சுற்று முடிந்த பிறகு, கிரேட் நோர்த் ஓட்டத்தில் ஓடி இந்த நோய்க்கு நிதி சேர்க்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா கேட்ட முதற் கேள்வி, "இவ்வளவு காலமும் ஓடினது காணாதே?" யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரிக்கும், அங்கிருந்து கிளிநொச்சிக்கும் போருக்குத் தப்பி மூட்டையோடு போன கால்கள் அவருடையவை. நான் பேசாமல் இருந்தேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவரே வந்தார். "அப்ப இது நேர்த்தி மாதிரி. தம்பிக்காக நீ உடம்பை வருத்திறாய்." ஓட்டத்துக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம், தருவதென்றால் சும்மா தரலாமே என்று கேட்ட எத்தனையோ பேருக்கு அதன்பின் அம்மாவின் விளக்கத்தையே சொன்னேன். காவடி எடுத்த, அங்கப்பிரதட்டை செய்த சனத்துக்கு அதற்குமேல் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

டூட்டிங் பெக் பொதுவெளியில் விடியற்காலை ஓடிப் பழகினேன். மாலைகளில் படிவத்தோடு புறப்படுவேன். விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து நிற்கும் மாமிமார்தான் முதல். பத்துப் பவுண் தருபவர் ஒரு பவுண் நாணயத்தையும் சேர்த்துப் பதினொன்றாகத்தான் தருவார், சுபகாரியத்துக்கு மொய் வைப்பதுபோல. "ஓடி முடிச்ச பிறகுதான் காசு தாறது வழக்கம், அன்ரி" என்றால் கேட்கமாட்டார்கள். "நீ முடிப்பாய், பிடி" என்று கையில் அழுத்துவார்கள்.

"என்ன வருத்தத்துக்கு?" என்ற கேள்விக்கு, "கான்சர்" என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். "எவடத்திலை?" என்று அடுத்தது வரும். "ஆம்பிளையளுக்கு வாறது" என்பேன். அதோடு பேச்சு நின்றுவிடும். சில வாரங்கள் இப்படிப் போன பிறகு எனக்கே மனம் கேட்கவில்லை. காசு சேர்க்கப் போகிற நானே ஒளித்தால், குளியலறையில் தம்பி ஒளித்ததை எப்படிக் குறை சொல்வது? விதையில் வருகிற புற்று, பதினைந்து வயதிலிருந்தே வரலாம், இளம் ஆண்களுக்குத்தான் கூட வருகிறது, நேரத்தோடு கண்டால் மாறிவிடும் என்று நேராகச் சொல்லத் தொடங்கினேன். மாமிமார் அதிர்ச்சியடைவார்கள் என்று பயந்திருந்தேன். ஒருவர் காதைக் கிட்டக் கொண்டுவந்து, "என்ரை பேரனுக்குப் பிறக்கேக்கை ஒண்டு இறங்கேல்லை, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கோ?" என்று கேட்டார். சம்பந்தம் இருந்தது. இறங்காத விதை உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்துக் கூடுதல். மகளிடம் சொல்லி டொக்டரிடம் காட்டச் சொன்னேன். ஆண்கள்தான் நிலத்தைப் பார்த்தார்கள்.

அந்தப் படிவத்தில் நான் அதிகநேரம் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வரியைத்தான். மிச்சம் (Mitcham) என்ற இடத்துப் பக்கத்தில் ஒரு பெற்றோல் நிலையம். ஊரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒருவர் அங்கே இரவு வேலை செய்தார். நள்ளிரவுக்குப் பிறகு கதவு பூட்டு. கண்ணாடிக்குக் கீழே காசு வைத்துத் தள்ளுகிற இரும்புத் தட்டில் படிவத்தை வைத்தேன். அவர் உள்ளே இழுத்தார், வாசித்தார். நான் வழக்கம்போலச் சொல்லத் தொடங்கினேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மைக் பொத்தானை அழுத்தியபடி, "என்ரை அண்ணைக்கும் இதுதான்" என்றார். அந்தக் குரல் ஆளில்லாத பெற்றோல் பம்புகளுக்கு நடுவே பெரிதாகக் கேட்டது. அவருக்கே அது திடுக்கிட்டிருக்க வேண்டும். பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, சட்டத்தை மீறிக் கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டார். பால் பெட்டியொன்றைக் கவிழ்த்துப் போட்டு இருக்கச் சொன்னார். தேத்தண்ணி ஊற்றினார்.

எழுபதுகளின் தொடக்கம். அண்ணனுக்கு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் இடம் கிடைத்திருந்த நேரம். வீங்கிக்கொண்டு வந்ததை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டே திரிந்திருக்கிறார். கிணற்றடியில் எல்லோரும் போன பிறகு இருட்டில் குளிப்பாராம். இருமலில் இரத்தம் வந்த பிறகுதான் பெரியாஸ்பத்திரி, அங்கிருந்து மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. போனவர் பெட்டிக்குள் திரும்பி வந்தார். செத்த வீட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள்.

"முப்பது வருசமாய் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன். என்ரை மனிசிக்கும் அதுதான் தெரியும்."

பேனாவை எடுத்துப் பெயர் என்ற இடத்தில் அண்ணனின் முழுப்பெயரை எழுதினார். விலாசத்துக்கு ஊர்ப் பெயர். தொகை ஐம்பது பவுண். வரிக் கட்டத்தை வெறுமையாக விட்டார். "அவர் தாறார் எண்டு வைச்சுக்கொள்ளும்" என்றார். தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம் அங்கேதான் பட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் வருடங்களைக் கணக்குப் பார்த்தேன். கிளீலண்டுக்கு மருந்து ஏறுவதற்கு இரண்டோ மூன்றோ வருடம் முன்பு. அந்த அண்ணனும் என் தம்பியும் ஒரே வயது, ஒரே நோய், ஒரே வெட்கம். இடையில் வந்தது மருந்து மட்டும்தான். வெட்கம் அப்படியே இருந்தது.

ஓட்டம் செப்டெம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. 13.1 மைல், நியூகாசிலிலிருந்து கடற்கரைப் பட்டினமான சவுத் ஷீல்ட்ஸ் வரை. 50,000 பேரளவில் ரோட்டை நிறைத்து நின்றோம். நெஞ்சில் இலக்கத்தாள், நான்கு மூலைக்கும் ஊக்கு. முதுகில் நானே ஒரு தாள் குத்தியிருந்தேன், தமிழில் இரண்டு பெயர்கள். மேலே தம்பி, கீழே அந்த அண்ணன். டைன் பாலத்தில் ஏறும்போது விமானப்படையின் ரெட் அரோஸ் விமானங்கள் நிறப்புகை விட்டுக்கொண்டு தலைக்கு மேலே போயின. ரோட்டோரத்து வீட்டுக்காரர்கள் தோடம்பழத் துண்டுகளையும் ஐஸ் பழங்களையும் நீட்டினார்கள். பிள்ளைகள் கையைத் தட்டிவிட்டுப் போகச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அன்றைக்கு நான் வாசித்தது முழுக்க முதுகுகள். கூட்டத்தில் ஓடுகிறவனுக்கு முன்னால் தெரிவது அதுதானே. அப்பாவுக்காக, அம்மம்மாவுக்காக, மனைவிக்காக. ஒரு குழந்தையின் படம், கீழே பிறந்த நாளும் இறந்த நாளும், இடையில் ஒரு வாரம். அந்தத் தாயின் பின்னால் நெடுநேரம் ஓடினேன், முந்திப்போக மனம் வரவில்லை. ஜோன் றீட் ரோட்டின் நீண்ட ஏற்றத்தில், நான் அணிந்த அதே அறக்கட்டளைச் சட்டையோடு சண்டர்லாண்டுக்காரர் ஒருவர் சேர்ந்துகொண்டார். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுபவர். தனக்கு இந்த நோய் ஒருமுறை வந்து போனது, வேலைத்தள நண்பர்கள் அத்தனை பேருக்கும் எப்படித் தொட்டுப் பார்ப்பதென்று மதிய இடைவேளையில் சொல்லிக்கொடுத்தேன் என்றார். வெட்கமாக இருக்கவில்லையா என்று கேட்டேன். முதல்நாள் இருந்தது என்றார். என் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு, இரண்டு பெயர்களையும் என்னைச் சொல்லச் சொல்லித் தானும் சொல்லிப் பார்த்தார். அந்த அண்ணனின் பெயரை அவருடைய ஊருக்கு வெளியே உரத்துச் சொன்ன முதல் ஆட்கள் நாங்கள் இருவரும்தான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் ஒரு குத்துச் சரிவு. இறங்கினால் கடல். அங்கிருந்து ஒரு மைல் கடலோரம். முடிவுக்கோட்டுக்கு அப்பால் தம்பி நின்றான். கீமோவுக்குப் பிறகு முளைத்த தலைமயிர் சுருளாக இருந்தது, அதற்குமுன் அவனுக்கு நேர்மயிர். காதில் வண்டு இரைவதுபோல ஒரு சத்தம், குளிரில் விறைக்கும் விரல் நுனிகள், இரண்டும் கீமோ விட்டுப்போனவை. இன்றைக்கும் இருக்கின்றன. மெட்ரோ நிலையத்தில் நீளமான வரிசையில் நின்றபோது பெற்றோல் நிலையத்து அண்ணருக்குத் தொலைபேசி எடுத்து முடித்துவிட்டேன் என்றேன். "நான் மனிசிக்குச் சொல்லிப்போட்டன்" என்றார் அவர்.

அந்த நாட்களில் கோயில் இளைஞர்கள் பலரின் மணிக்கட்டில் சைக்கிளோட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் மஞ்சள் றப்பர் வளையம் இருந்தது. அவருக்கு எவ்விடத்தில் புற்று வந்ததென்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பிறகு அவர் ஊக்கமருந்து எடுத்தது வெளிவந்து, 2012இல் ஏழு டூர் டி பிரான்ஸ் வெற்றிகளும் பறிக்கப்பட்டன. பறித்தது நியாயம். ஆனால் அவரைப் பார்த்துத் தைரியம் வந்து டொக்டரிடம் போனவர்களுடைய உயிர் பொய்யில்லை. அதே வருடம் கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கின் செய்தி வந்தது. அவருக்கு இரண்டு நுரையீரல்களுக்கும் இடையில், ஆனால் அதே குடும்பத்துப் புற்று. இண்டியானாபொலிஸில் அதே ஐன்ஹோர்ன். அதற்கு முந்திய வருட உலகக் கிண்ணத்தில், சேப்பாக்கத்து வெயிலில் நடு ஆடுகளத்தில் வாந்தியெடுத்துக்கொண்டே மேற்கிந்தியருக்கு எதிராக 113 அடித்ததை நாங்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். நிலத்தைப் பார்த்த ஆண்கள் அதன்பின் என்னை மூலைக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். ஒரு விளையாட்டுக்காரன் வாய் திறந்தால் நடக்கிற வேலை அது.

தம்பிக்கு இப்போது இரண்டு பெண்பிள்ளைகள். மருந்தொன்று நுரையீரலை உரசியதால், காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கக்கூடாது என்று அவனுக்கு விதி. ஓடத் தடையில்லை. நான் முழங்காலை முன்னிட்டு நிறுத்திக்கொண்டேன், அவன் ஓடுகிறான். போன மாதம் ஒரு ஞாயிறு காலை, இடியப்பமும் சொதியுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் மகனைப் பார்த்து அவனே ஆரம்பித்தான். பதினேழு வயதுப் பையன்.

"மாசத்துக்கு ஒருக்கா, சுடுதண்ணியிலை குளிச்ச உடனை. பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவிலை வைச்சு மெல்ல உருட்டிப் பார்க்கோணும். கடினமாய் ஏதும் தட்டுப்பட்டால், முந்தியிலும் பாரமாய் இருந்தால், நோகாட்டிலும் போய்க் காட்டு. நோகேல்லை எண்டுதான் நான் விட்டனான்."

மகன் தலையைக் குனிந்துகொண்டு ஓம் ஓம் என்றான். சொதிச் சட்டியோடு வந்த அம்மா நின்றார். நாங்கள் இரண்டு பேரும் பேச்சை மாற்றப் போனோம்.

"ஏன் நிப்பாட்டிறியள்? சொல்லுங்கோ அவனுக்கு," என்றார் அம்மா. பிறகு பேரனின் கோப்பையில் சொதியை ஊற்றிக்கொண்டே, "ஏதும் கண்டால் அண்டைக்கே சொல்லிப்போடு ராசா. கொப்பாவுக்குச் சொல்ல வெக்கமெண்டால் எனக்குச் சொல்லு, நான் கூட்டிக்கொண்டு போறன்."

"ஓம் அப்பம்மா" என்றான். கொஞ்ச நேரத்தில், கிரேட் நோர்த் ஓட்டத்துக்கு எத்தனை வயது வேண்டுமென்று சித்தப்பாவிடம் கேட்டான். பதினேழு காணும் என்று சொல்லிவிட்டு, தம்பி சாப்பிட்ட கையோடு பெயர் கொடுக்கும் கடைசித் திகதியைத் தேடத் தொடங்கினான்.